குகைக்குள் நால்வர்: எங்கள் விளையாட்டு நிரல் திட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவன். வகுப்புத் தோழர்கள் மூவருடன் சேர்ந்து ஒரு செமஸ்டர் முழுக்க உழைத்து ‘குகைவிளக்கு’ என்ற இருபரிமாண விளையாட்டை எழுதினோம். பக்கவாட்டில் விரியும் ஒரு குகை, ஆடுபவர் கையில் எண்ணெய் விளக்கு. எண்ணெய் குறையக் குறைய வெளிச்ச வட்டம் சுருங்கும், இருட்டில் வௌவால்கள் காத்திருக்கும். எண்ணெய் தீர்வதற்குள் வெளியேறிவிட வேண்டும். கதை அவ்வளவுதான். இதைப் பார்த்த ஜூனியர் மாணவர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

நிரல் எழுதும் ஆர்வம் எப்படி வந்தது?

குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து. பள்ளி நாட்களிலிருந்தே புதிர் தயாரிப்பது எனக்குப் பொழுதுபோக்கு. பென்சிலும் அழிப்பானுமாகக் கட்டங்களோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், இந்த வேலையைக் கணினியிடம் தள்ளிவிடலாம் என்று பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்க உட்கார்ந்தேன். தொடக்கத்திலேயே முட்டியது. ‘கொக்கு’ என்று எழுத மூன்று கட்டம் போதும் என்பது எல்லோருக்கும் தெரியும். கணினி ஆறு என்று அடம்பிடித்தது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொது முறையான யூனிகோடில் அந்தச் சொல் க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி என்று ஆறு துண்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அதை முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடு என்று நாலைந்து வரி எழுதியதும் மூன்று என்ற விடை வந்தது. ‘க்ஷ’ மட்டும் கொஞ்சம் தகராறு செய்தது, அதற்குத் தனி விதி போட்டேன். பாடப்புத்தகத்தின் முதல் பயிற்சியைவிட இது கடினம்தான். ஆனால் எனக்கு விடை தேவையாக இருந்தது, அதனால் கடினம் உறைக்கவில்லை.

வேறு என்ன பொழுதுபோக்குகள்?

சதுரங்கம், சுமாராக ஆடுவேன். கைப்பேசியில் ஒலிகளைப் பதிவுசெய்து சேர்த்துவைப்பது இன்னொன்று. குகையில் நீர் சொட்டும் ஒலி, எவர்சில்வர் பாத்திரத்தில் சொட்டவிட்டு நான் பதிவுசெய்தது. வேகத்தைப் பாதியாகக் குறைத்து, எதிரொலி சேர்த்தால் அது பாத்திரம் என்று யாருக்கும் தோன்றாது.

விளையாட்டு எழுதுவதும் ஒரு படிப்பா?

உறவினர் வீட்டு விசேஷங்களில் தவறாமல் வரும் கேள்வி. பதிலாக 1962-ஐ நினைவுபடுத்துவேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பி.டி.பி-1 என்ற கணினி வந்திறங்கிய சில மாதங்களில், ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் அதில் ‘ஸ்பேஸ்வார்’ என்ற விளையாட்டை எழுதினார்கள். இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும். கலங்களும் அடிப்படை ஆட்டமும் ரஸ்ஸலின் கைவண்ணம். பின்னணியில் உண்மையான வானத்து நட்சத்திரங்களைக் கொண்டுவந்தவர் பீட்டர் சாம்சன். நடுவில் ஒரு சூரியனை வைத்து ஈர்ப்புவிசையைச் சேர்த்தவர் டான் எட்வர்ட்ஸ். ஆபத்து நேரத்தில் கலம் மறைந்து வேறோர் இடத்தில் தோன்றும் வசதி மார்ட்டின் கிரேட்ஸுடையது. கணினியின் சுவிட்சுகளை அழுத்தி அழுத்திக் கை வலித்ததால் ஆலன் கோட்டாக்கும் பாப் சாண்டர்ஸும் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்தார்கள். குழுவாக விளையாட்டு எழுதுவது என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது இந்தப் பட்டியல்தான். முதலில் ஆடக்கூடிய ஒன்று இருந்தது. மற்றவர்கள் அதன்மேல் தங்கள் பங்கைச் சேர்த்தார்கள்.

படிப்பு எங்கே என்றால்: திசையன் கணிதம், தரவுக் கட்டமைப்பு, தேடல் அல்காரிதம், நினைவக மேலாண்மை, மென்பொருள் பொறியியல் எல்லாம் ஒரே திட்டத்தில் ஒன்றோடொன்று மோதும் இடம் இது. தரவுத்தளத் திட்டத்தில் அரை நொடி தாமதத்தை யாரும் கவனிப்பதில்லை. விளையாட்டில் நொடிக்கு 60 பிரேம் (திரையில் 60 முறை புதிய படம்) வேண்டுமென்றால், ஒரு பிரேமுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி. அதற்குள் உள்ளீடு, இயற்பியல், எதிரிகளின் மூளை, படம் வரைதல் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

ஏன் இவ்வளவு சின்ன விளையாட்டு?

சின்னதா? எழுதிப் பாருங்கள்.

முதல் கூட்டத்தில் எங்கள் மேசையில் இருந்த யோசனைகள்: முப்பரிமாணத் திறந்த உலகம், இணையம் வழியாகப் பலர் ஆடுவது, பேசினால் பதில் சொல்லும் பாத்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேட்டோம்: இது இல்லாமல் ஆட்டம் நடக்குமா? நடக்கும் என்றால் வெட்டு.

இணைய ஆட்டத்தை வெட்டும்போதுதான் சண்டை வலுத்தது. நண்பன் ஒருவன் ‘இரண்டு கணினிகளை இணைப்பதில் என்ன இருக்கிறது’ என்றான். இணைப்பது எளிது. சிக்கல், தகவல் போய்ச் சேர ஆகும் நேரத்தில் இருக்கிறது. ஒருவர் பொத்தானை அழுத்திய செய்தி மற்றவருக்குப் போய்ச் சேர 100 மில்லி விநாடி ஆனால், அதற்குள் 6 பிரேம்கள் கடந்துவிடும். இருவர் திரையிலும் வௌவால் வெவ்வேறு இடத்தில் இருக்கும். யார் திரை உண்மை? நடுவில் இருக்கும் கணினியான சர்வரே உண்மை என்று வைத்தால், பதில் வரும்வரை ஆடுபவரின் கணினி ஊகித்து நகர்த்த வேண்டும். ஊகம் தவறினால் பாத்திரத்தைப் பின்னால் இழுத்துத் திருத்த வேண்டும். இது தனியே ஒரு செமஸ்டர் திட்டம்.

எந்த என்ஜின்? ஏன்?

கோடோ. என்ஜின் என்பது வரைதல், மோதல் போன்ற பொது வேலைகளைத் தயாராகத் தரும் மென்பொருள். கோடோ 2014-இல் எம்.ஐ.டி. உரிமத்தின்கீழ் திறந்த மூலமாக வெளியானது. கட்டணம் இல்லை, மூல நிரலையும் பார்க்கலாம். யூனிட்டி என்ற இன்னொரு என்ஜினுக்குப் பாடங்களும் காணொளிகளும் ஏராளம், வேலைவாய்ப்பு விளம்பரங்களிலும் அதன் பெயரை அதிகம் பார்க்கிறோம். ஆனால் 2023 செப்டம்பரில், விளையாட்டு நிறுவப்படும் எண்ணிக்கையைப் பொறுத்துக் கட்டணம் வாங்கப்போவதாக யூனிட்டி அறிவித்துப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. அடுத்த ஆண்டு அந்தத் திட்டத்தையே கைவிட்டது. மாணவர் திட்டத்துக்கு அந்தக் கட்டணம் வந்திருக்காது. இருந்தாலும் எங்கள் குழுவில் ஒருவர் அந்தச் செய்திக்குப் பிறகு யூனிட்டியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். விவாதம் அத்தோடு முடிந்தது.

என்ஜினே இல்லாமல் பைகேம் என்ற பைத்தான் நூலகத்தை வைத்து எழுதலாமா என்றும் கேட்கிறார்கள். கேம் லூப்பை (உள்ளீடு வாங்கி, கணக்கிட்டு, வரைவதைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுழற்சியை) கையால் எழுதிப் பழக அது நல்ல வழி. முதலில் ஒரு வார இறுதியில் அப்படி ஒன்றை எழுதிவிட்டு, பிறகு என்ஜினுக்கு வாருங்கள். என்ஜின் உங்களுக்காகச் செய்யும் வேலை எது என்று அப்போது தெரியும்.

வேலையை எப்படிப் பிரித்துக்கொண்டீர்கள்?

நகர்வு, மோதல், எதிரிகள் என்னிடம். படங்கள் ஒருவரிடம், குகைகளின் வரைபடமும் ஆட்டக் கடினமும் இன்னொருவரிடம், ஒலி, மெனு, சேமிப்பு நான்காமவரிடம். நால்வர் என்றால் பேசிக்கொள்ள வேண்டிய இணைகள் 6. எட்டுப் பேராக இருந்திருந்தால் 28. பெரிய குழுவில் சேர ஆசைப்படுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவும்.

ஆள் பிரிப்பதைவிட எல்லை பிரிப்பது முக்கியம். நாங்கள் ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதினோம். கட்டத்தின் அளவு 16 பிக்சல். எண்ணெய் 0 முதல் 100 வரை ஒரு தசம எண். அந்த எண்ணை விளக்கின் நிரல் மட்டுமே மாற்றலாம். மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், கை வைக்கக் கூடாது. எண்ணெய் 20-க்குக் கீழ் இறங்கினால் விளக்கு ஒரு சமிக்ஞை விடும், ஒலிக்காரர் அதைக் கேட்டு இதயத்துடிப்பை ஒலிக்கவிடுவார். இப்படி எழுதிவைத்ததால் படம் வருவதற்கு முன்பே வெறும் மஞ்சள் சதுரத்தை வைத்து முழு விளையாட்டையும் ஆட முடிந்தது. மஞ்சள் சதுரம் குதிப்பது சுவையாக இல்லை என்றால், அதற்குத் தலைமுடியும் தொப்பியும் வரைந்தாலும் சுவை வராது.

கிட் கட்டாயம் வேண்டுமா? பென்டிரைவ் போதாதா?

போதாது. கிட் என்பது நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைத்து, பலருடைய மாற்றங்களைச் சேர்க்க உதவும் கருவி. ‘இறுதி’, ‘இறுதி-புதிது’, ‘இதுதான்-இறுதி’ என்ற மூன்று கோப்புறைகளை வைத்துக்கொண்டு, சமர்ப்பிப்பதற்கு முந்தைய இரவு அழுத குழுக்களைப் பார்த்திருக்கிறேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய கருவி இது, நால்வரைத் தாங்காதா?

விளையாட்டுத் திட்டத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இருவர் ஒரே நிரல் கோப்பை மாற்றினால் கிட் பெரும்பாலும் சேர்த்துவிடும். படங்களையும் ஒலிகளையும் அப்படிச் சேர்க்க முடியாது. யாராவது ஒருவருடையதுதான் மிஞ்சும். கோடோவின் காட்சிக் கோப்புகள் எழுத்து வடிவில் இருந்தாலும், இருவர் மாற்றிய காட்சியைக் கையால் கோப்பது கண்ணைக் கட்டும். ஆகவே ஒரு காட்சிக்கு ஒரே உரிமையாளர். பெரிய குகையைச் சிறு காட்சிகளாக உடைத்துப் பகிர்ந்துகொண்டோம். இன்னொரு விதி: முதன்மைக் கிளையில் (எல்லோருக்கும் பொதுவான பிரதியில்) இருப்பது எப்போதும் ஆடக்கூடியதாக இருக்க வேண்டும். அரைகுறை வேலைக்குத் தனிக் கிளை. மற்ற எல்லா விதிகளையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

என் கணினியில் சரியாக ஓடும் விளையாட்டு நண்பனின் கணினியில் பறக்கிறது. ஏன்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். நிரலைப் பார்க்காமலே காரணம் சொல்லலாம்: ஒவ்வொரு பிரேமுக்கும் 5 பிக்சல் நகர்த்து என்று எழுதியிருப்பீர்கள். நொடிக்கு 60 பிரேம் ஓடும் கணினியில் அது 300 பிக்சல். 144 பிரேம் ஓடும் திரையில் 720.

1978-இல் வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ இதே குணத்தால் புகழ்பெற்றது. திரையில் 55 அந்நியர்கள். சுட்டு வீழ்த்த வீழ்த்தக் கணினிக்கு வேலை குறைந்து, மிஞ்சியவர்கள் வேகமெடுப்பார்கள். அதை வடிவமைத்த தோமோஹிரோ நிஷிகாடோ அந்த விளைவு பிடித்துப்போய் அப்படியே விட்டுவைத்தார். ஆட்டம் முடிய முடியப் பதற்றம் கூடுவது அதனால்தான். அவருக்கு அமைந்தது நமக்கு அமையாது. நம் விளையாட்டு வெவ்வேறு கணினிகளில் ஓட வேண்டும்.

தீர்வின் முதல் படி, வேகத்தை ‘நொடிக்கு இத்தனை பிக்சல்’ என்று வைத்து, முந்தைய பிரேமிலிருந்து கழிந்த நேரத்தால் பெருக்குவது. சமவேகத்தில் நடப்பதற்கு இது போதும். குதிப்பதற்குப் போதாது. ஈர்ப்புவிசையால் வேகமே மாறிக்கொண்டிருக்கும்போது, பெரிய படிகளாகக் கணக்கிட்டால் ஓர் உயரமும் சிறு படிகளாகக் கணக்கிட்டால் வேறோர் உயரமும் வரும். ஒரு கணினியில் எட்டும் பாறை மற்றதில் எட்டாது. ஆகவே இயற்பியலை மட்டும் மாறாத படியில், நொடிக்குச் சரியாக 60 முறை, தனியாக ஓட்ட வேண்டும். வரைதல் அதன் போக்கில் வேகமாகவோ மெதுவாகவோ நடக்கட்டும். கோடோவில் இதற்கென்று தனிச் செயற்கூறு தயாராக இருக்கிறது, அதன் இயல்பு மதிப்பும் 60தான். கையால் எழுதுபவர்கள், கழிந்த நேரத்தை ஓர் உண்டியலில் சேர்த்து, அதில் 1/60 நொடி சேரும்போதெல்லாம் ஒரு படி ஓட்டிக் கழித்துவிடலாம். ஒரு பிரேமில் அதிகபட்சம் இத்தனை படிதான் என்று வரம்பும் வையுங்கள். இல்லாவிட்டால் மெதுவான கணினி ஒன்று பின்தங்கியதை ஈடுகட்ட ஓடி, அதனாலேயே மேலும் பின்தங்கி, கடைசியில் உறைந்துவிடும்.

பொருள்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு போகின்றனவே?

மாயமில்லை, கணக்குத்தான். நொடிக்கு 1,200 பிக்சல் வேகத்தில் விழும் கல் ஒரு படியில் 20 பிக்சல் தாண்டும். தரையின் தடிமன் 16, கல்லின் அளவு 2. ஒரு படியில் தரைக்கு மேலே, அடுத்த படியில் கீழே. இடையில் இருந்த தரையை அது சந்திக்கவே இல்லை. வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம், அல்லது தொடக்கப் புள்ளியிலிருந்து முடிவுப் புள்ளிவரை கோடு இழுத்து அது எதையாவது வெட்டுகிறதா என்று பார்க்கலாம். கற்களுக்கு வரம்பு வைத்தோம். மலிவான வழி, போதுமான வழி.

குதிப்பு இயல்பாகவே இல்லையே?

ஈர்ப்புவிசைக்கு எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். எவ்வளவு உயரம், உச்சியை எட்ட எவ்வளவு நேரம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எங்களுக்கு உயரம் மூன்றரைக் கட்டம், அதாவது 56 பிக்சல், நேரம் 0.35 நொடி. பள்ளி இயற்பியலின்படி ஈர்ப்பு என்பது இரண்டு மடங்கு உயரத்தை நேரத்தின் வர்க்கத்தால் வகுப்பது: ஏறத்தாழ 914. அதை நேரத்தால் பெருக்கினால் தொடக்க வேகம் 320. இனி வடிவமைப்பாளர் ‘அரைக் கட்டம் கூட்டு’ என்றால் ஒரே எண்ணை மாற்றினால் போதும்.

அதற்குப் பிறகும் ஆடுபவர்கள் ‘பொத்தானை அழுத்தினேன், குதிக்கவில்லை’ என்பார்கள். பாறை விளிம்பைத் தாண்டியபின் அழுத்தியிருப்பார்கள், ஆனால் அவர்கள் மனத்தில் கால் இன்னும் தரையில்தான் இருக்கும். விளிம்பைத் தாண்டி 0.1 நொடி வரை குதிக்க அனுமதித்தோம். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்தினாலும் நினைவில் வைத்திருந்து, தொட்டதும் குதிக்கவைத்தோம். ஏமாற்று வேலைதான். ஆடுபவர்கள் இதைக் கண்டுபிடிப்பதில்லை. ‘இப்போது கட்டுப்பாடு நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்கிறார்கள்.

வௌவால்கள் எப்படி வழி கண்டுபிடிக்கின்றன?

ஏ-ஸ்டார் அல்காரிதம். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிலையத்தில் ஷேக்கி என்ற ரோபோவுடன் வேலை செய்த பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ரம் ரஃபேல் மூவரும் 1968-இல் வெளியிட்டது. இதுவரை வந்த தூரத்தோடு, இன்னும் போக வேண்டிய தூரத்தின் மதிப்பீட்டைக் கூட்டி, கூட்டுத்தொகை குறைந்த கட்டத்தை முதலில் ஆராயும். மதிப்பீடு உண்மைத் தூரத்தைவிட ஒருபோதும் அதிகமாகாமல் இருந்தால் கிடைக்கும் பாதை மிகக் குறுகியது என்பதற்கு உத்தரவாதம் உண்டு. இந்த ஒரு வாக்கியத்தை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கட்டாயம் கேட்பார்கள்.

ஆனால் மிகக் குறுகிய பாதைதான் எங்கள் ஆட்டத்தைக் கெடுக்கப் பார்த்தது. எல்லா வௌவால்களும் ஒரே பாதையைத் தேர்ந்தெடுத்து, ரேஷன் கடை வரிசைபோல ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்றைத் தாண்டிவிட்டால் எல்லாவற்றையும் தாண்டிவிடலாம். விடை 1980-இல் வந்த ‘பேக்-மேன்’ விளையாட்டில் கிடைத்தது. அதன் நான்கு பேய்களுக்கும் இலக்கு வேறு. சிவப்பு நேராகத் துரத்தும். இளஞ்சிவப்பு நான்கு கட்டம் முன்னே குறிவைத்து மறிக்கப் பார்க்கும். ஆரஞ்சு தொலைவில் இருக்கும்வரை துரத்தி, நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். அல்காரிதத்தைத் தொடாமல் எங்கள் வௌவால்களின் இலக்குகளை மட்டும் இப்படிப் பிரித்துக் கொடுத்தோம். சுற்றி வளைக்கத் திட்டம் போடுவதுபோல் தோன்ற ஆரம்பித்தன. பாதையை ஒவ்வொரு பிரேமிலும் கணக்கிடுவதில்லை. கால் நொடிக்கு ஒருமுறை, அதையும் வௌவாலுக்கு வௌவால் சற்றுத் தள்ளித் தள்ளி.

திரையில் தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது. என்ன செய்வது?

ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், நீங்கள் பயன்படுத்தும் கருவிக்கு எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கத் தெரியவில்லை என்று பொருள். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. 2023-இல் வந்த கோடோ 4-இல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பில் இல்லை. உரையாடல் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தோன்றச் செய்பவர்கள், முதல் பதிலில் சொன்ன கொக்குக் கணக்கை மறக்க வேண்டாம். இல்லையென்றால் ‘கொ’ தோன்றுவதற்கு முன் ஒரு கணம் ‘க’ எட்டிப் பார்க்கும்.

பிறரை ஆடவைத்துச் சோதித்தீர்களா?

சோதித்தோம், வாயை மூடிக்கொண்டு. இதுதான் கடினமான பகுதி. பக்கத்தில் உட்கார்ந்து ‘அங்கே போகாதே, இடப்பக்கம் போ’ என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னால் சோதனை வீண்; விளையாட்டோடு உங்களையும் பெட்டியில் வைத்து அனுப்ப முடியாது.

இரண்டாம் குகையில் ஈரப் பாறைக்காக வெளிர்நீலக் கோடுகளைச் செங்குத்தாக வரைந்திருந்தார் எங்கள் ஓவியர். அழகான வேலை. ஆடவந்த முதல் மாணவி அந்தக் கோடுகளின்கீழ் நின்று மேல்நோக்கிப் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். விளக்கு சுருங்கியது, வௌவால் வந்தது, ஆட்டம் முடிந்தது. மறுபடியும் நேராக அங்கேயே போனார். அடுத்து வந்தவரும் அப்படியே. அவர்கள் கண்ணுக்கு அது ஏணி. கோடுகளைச் சாய்த்து, இடையிடையே அறுத்து வரைந்ததும் ஏறுவதற்கு முயல்வது நின்றது. நிரலில் ஒரு வரி மாறவில்லை. இப்படி ஒரு பிழையை எந்தத் தானியங்கிச் சோதனையும் பிடிக்காது.

குழுவில் ஒருவர் வேலையே செய்யாவிட்டால்?

முதலில் அவருக்கு என்ன வேலை என்று தெரியுமா என்று பாருங்கள். ‘ஒலியைப் பார்த்துக்கொள்’ என்பது வேலை அல்ல. ‘புதன்கிழமைக்குள் காலடி ஓசை மூன்று, கோப்பு இந்த வடிவில்’ என்பது வேலை. அப்படிக் கொடுத்தும் நடக்கவில்லை என்றால், கடைசி வாரம் வரை பொறுக்காமல் வழிகாட்டும் ஆசிரியரிடம் சொல்லுங்கள். கிட் வரலாறு யார் எப்போது என்ன செய்தார் என்பதைக் காட்டும். அதை மிரட்டலாகப் பயன்படுத்த வேண்டாம். ஓவியரின் உழைப்பு கமிட் (கிட்டில் ஏற்றும் பதிவு) எண்ணிக்கையில் தெரியாது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு நிரல் எழுதலாமா?

உங்கள் கல்லூரி விதி என்ன சொல்கிறதோ அது. விதி அனுமதித்தாலும், ஒரு வரியைச் சுட்டிக்காட்டி ‘இது ஏன் இங்கே?’ என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத வரி உங்கள் திட்டத்தில் இருக்கக் கூடாது.

வைவாவில் என்ன கேட்டார்கள்?

விளையாட்டை ஓடவிடச் சொன்னார்கள். ஒரு தேர்வாளர் தானே ஆடினார். தோற்றபின் இன்னொரு முறை என்றார். கேள்விகள் அதற்குப் பிறகுதான். ஏன் மாறாத படி, ஏன் ஏ-ஸ்டார், மதிப்பீடு இல்லாமல் தேடும் டைக்ஸ்ட்ராவின் அல்காரிதம் ஏன் போதாது, எண்ணெயை இரு இடங்களிலிருந்து மாற்றினால் என்ன ஆகும். அடுத்தவர் பகுதியைப் பற்றியும் ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். ஓவியரிடம் மோதல் சோதனை பற்றிக் கேட்டபோது எங்களுக்கு வியர்த்தது. அவர் விழும் கல்லின் எடுத்துக்காட்டோடு தெளிவாக விளக்கிவிட்டார்.

மூல நிரலைத் தருவீர்களா?

படிப்பதற்குத் தருவேன். நிரல் எம்.ஐ.டி. உரிமத்தில் இருக்கிறது. படங்கள் ஓவியருடையவை, அவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. ஒலிகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பெயரை மாற்றி அப்படியே சமர்ப்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: எங்களுக்குத் தேர்வாளராக வந்தவர் மறுபடியும் வரக்கூடும், இரண்டாம் குகையில் எங்கே எண்ணெய்க் குப்பி ஒளிந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.